தானமாக வந்த மாட்டின் பல்

புல்மோட்டை என்ற பெயரை என் பத்திரிகை வாழ்க்கையில் பல தடவை எழுதியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாமே போர்ச் செய்திகள். 1997 செப்டெம்பரில் அவ்வூர்க் கடலில் இல்மனைட் மணல் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிட்டி' என்ற சரக்குக் கப்பலைப் புலிகள் தாக்கியபோது முதற்பக்கத்தை இரண்டு முறை மாற்றியமைத்தோம். 2009 மார்ச்சில், புதுமாத்தளனிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட காயக்காரர்களுக்காக இந்திய மருத்துவர்கள் அங்கே கள மருத்துவமனை ஒன்றை நிறுவியபோது மறுபடியும் அந்தப் பெயர் தலைப்பில் ஏறியது. அண்மைக்காலமாக அவ்வூரை எனக்கு நினைவூட்டுவது ஒரு சிறிய கொமினிகேஷன் கடையும், அதை நடத்தும் இளைஞர் கேட்ட ஒரு கேள்வியுமே.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கே போகும் கடலோரப் பாதை இப்போது நன்றாக இருக்கிறது. பாலங்கள் வருமுன் இதே பயணத்தில் நீர்நிலைகளைப் 'பாதை'யில் ஏறிக் கடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நண்பர் ஒருவரின் காணி ஆவணம் தொடர்பாக அவருக்குத் துணையாகப் போயிருந்தேன். பத்திரங்களைப் பிரதி எடுப்பதற்காக என் பென்டிரைவைக் கடைக்காரத் தம்பியிடம் கொடுத்தேன். திரையில் என் கோப்புகள் ஒன்றும் இல்லை. இருந்த இடத்தில் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டுமே வரிசையாக நின்றன. "சேர், வைரஸ்" என்றார் அவர், வாடிக்கையாளருக்குச் சளி பிடித்திருப்பதைச் சொல்கிற டொக்டரின் நிதானத்தோடு. கறுப்புத் திரையொன்றைத் திறந்து ஒரு வரி தட்டினார். மறைந்திருந்த கோப்புகள் திரும்பி வந்தன.

பிறகுதான் கேட்டார்: "சேர் பத்திரிகையில இருந்தவங்க. ஒண்டு கேக்கணும். இந்த ஃப்ரீயாக் கெடைக்கிற அன்டிவைரஸப் போடலாமா? காசு வாங்காம தாறவன் என்னத்துக்குத் தாறான்?"

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். இந்தத் தம்பியோ பல்லைப் பார்க்க வேண்டும் என்கிறார். அவர் கேட்டதற்குக் காரணமும் இருந்தது. அந்தக் கடையின் கணினிக்குள் ஏறக்குறைய ஊரே இருந்தது. வளைகுடாவுக்குப் போகிறவர்களின் கடவுச்சீட்டுப் படிவங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், காணி அனுமதிப்பத்திரங்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், தங்கள் மின்னஞ்சலைத் தாமே திறக்கத் தெரியாத மீனவர்கள் நம்பிக் கொடுத்த கடவுச்சொற்கள். அந்த அறைக்குள் யாரை விடுவது என்பதே அவருடைய கேள்வி. அங்கே நின்றபடி சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்துச் சொல்கிறேன். கதை கொஞ்சம் பழையது.

தனிமனிதர் பயன்படுத்தும் ஐ.பி.எம். வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் நம் அயலிலேயே பிறந்தது. 1986இல், பாகிஸ்தானின் லாகூரில் கணினிக் கடை நடத்திய பாசித், அம்ஜத் என்ற அல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' அது. தாங்கள் உருவாக்கிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுப் பிரதி எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே அதை எழுதியதாக அவர்கள் பின்னர் கூறினார்கள். அதற்குள் தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்களையும் எழுதி, தடுப்பு மருந்துக்கு எங்களோடு தொடர்புகொள்ளுங்கள் என்றும் சேர்த்திருந்தார்கள். நோயும் மருந்தும் ஒரே முகவரியில்! கொள்ளைக்காரன் விலாசச் சீட்டு வைத்துவிட்டுப் போன அந்தக் காலம் ஒருவகையில் நாகரிகமானதுதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1989 டிசெம்பரில், நாகரிகம் முடிந்தது. எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் தரும் நிரல் என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 பிளொப்பித் தட்டுகள் பல நாடுகளுக்குத் தபாலில் போயின. உலக சுகாதார நிறுவனத்தின் எயிட்ஸ் மாநாட்டில் கலந்துகொண்டவர்களுக்கும் வந்தன. கணினியைத் தொண்ணூறு தடவை இயக்கிய பிறகு அது கோப்புகளின் பெயர்களையெல்லாம் குழப்பிப் பூட்டிவிட்டு, 189 டொலரைப் பனாமாவிலுள்ள தபால் பெட்டி ஒன்றுக்கு அனுப்பச் சொன்னது. இதை அனுப்பியதாகக் கைது செய்யப்பட்டவர் ஜோசப் பொப் என்ற அமெரிக்க உயிரியல் ஆய்வாளர். இன்று மருத்துவமனைகளையும் அரசாங்கங்களையும் மிரட்டும் கப்ப மென்பொருள்களின் பாட்டன் இது. எனக்கு இதில் சுவையான பகுதி வேறு. தட்டோடு வந்த துண்டுப் பத்திரத்தின் உரிம ஒப்பந்தத்தில், பணம் செலுத்தாவிட்டால் உங்கள் கணினியின் மற்றைய நிரல்களுக்குப் பாதிப்பு வரும் என்று எழுதியே இருந்தது. யாரும் வாசிக்கவில்லை. வாசிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லும் பழக்கம் இணையத்துக்கும் முந்தியது என்பதை அந்தப் பத்திரம் சொல்கிறது.

அதே காலத்தில் மருந்துக் கடைகளும் திறந்தன. 1988இல், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில், பாவெல் பவுடிஷ் என்ற ஆய்வாளரின் கைக்கு 'வியன்னா' என்ற வைரஸ் வந்து சேர்ந்தது. அதை அகற்ற ஒரு நிரல் எழுதினார். நண்பர் எட்வர்ட் குச்செராவோடு சேர்ந்து ஒரு கூட்டுறவாக அதை நடத்தினார். கம்யூனிச ஆட்சியில் தனியார் கம்பனிக்கு இடமில்லை, கூட்டுறவுக்கு இடமிருந்தது. அதுதான் பின்னாளில் அவாஸ்ட் ஆயிற்று. ஏ.வி.ஜி.யும் அதே நாட்டில் பிறந்தது. நமக்கு அண்டையில், சென்னையில், 1991இல் கேசவர்தனன் தொடங்கிய கே7 நிறுவனம் இன்றும் இத்தொழிலில் இருக்கிறது. புலம்பெயர்ந்த தமிழர்களில் பலருக்கு இது தெரியாது என்பதால் இடைச்செருகலாகச் சொல்லி வைக்கிறேன்.

2001ஆம் ஆண்டளவில் செக் நாட்டு நிறுவனங்கள் வீட்டுப் பாவனைக்கு இலவசப் பதிப்புகளை வெளியிட்டன. அமெரிக்கப் பெருநிறுவனங்களோடு விளம்பரச் செலவில் போட்டியிட அவர்களால் முடியாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் போட்டுக்கொள்வதே அவர்களுடைய விளம்பரம். இலட்சக்கணக்கான கணினிகளில் நிரல் இருந்தால் புதிய வைரஸ் உலகில் எங்கே தலைகாட்டினாலும் முதலில் தெரியவரும். வீட்டில் இலவசமாகப் பழகியவர் அலுவலகத்துக்கு விலை கொடுத்து வாங்குவார். இவை நேர்மையான காரணங்கள்தான். காசு வாங்காமல் தருபவர் எல்லோரும் கள்ளர் என்று அந்தத் தம்பியிடம் நான் சொல்லவில்லை.

நம் நாட்டில் அந்த இலவசம் எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1999 ஏப்ரல் 26ஆம் திகதி, தாய்வானிய மாணவர் ஒருவர் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் ஆசியாவெங்கும் கணினிகளைச் செத்த மாடாகப் படுக்க வைத்தது. அதன் பிறகு தடுப்பு நிரல் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வாங்கத்தான் வசதியில்லை. ஆகவே கடையில் 100 ரூபா கொடுத்து 'கிராக்' செய்யப்பட்ட இறுவட்டு வாங்கினோம். 2011இல் இலங்கையில் பயன்பட்ட மென்பொருள்களில் நூற்றுக்கு 84 உரிமமற்றவை என்று மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு கணித்தது. வைரஸைத் தடுக்கும் நிரலின் பூட்டை உடைக்க, யாரோ முகமறியாதவன் எழுதிய நிரலை இயக்கினோம். இயக்குமுன் தடுப்பு நிரலை நிறுத்தி வைக்கும்படி அவனே குறிப்பும் எழுதியிருந்தான், நாமும் நிறுத்தினோம்! காவற்காரனை உறங்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறப்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. அதோடு ஒப்பிட்டால் இலவசப் பதிப்பு ஆயிரம் மடங்கு மேல்.

என் சொந்த அனுபவம் ஒன்று. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் எ-கலப்பை போன்ற இலவச நிரல்கள் வந்த புதிதில், நம்மில் பலர் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதும் துன்பத்திலிருந்து விடுபட்டோம். அத்தகைய நிரல் நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடையில் பிடித்துத் தமிழ் எழுத்தாக மாற்றித் தருகிறது. கடவுச்சொல் திருடும் நிரலும் விசைகளை இப்படித்தான் பிடிக்கிறது. ஒருநாள் நான் போட்டிருந்த இலவசத் தடுப்பான் ஒன்று என் தமிழ் விசைப்பலகையைக் களவாளி என்று தீர்ப்பளித்து, கேளாமலே எடுத்துச் சிறையில் வைத்துவிட்டது. கட்டுரை அனுப்ப வேண்டிய இரவு! கோபம் தணிந்த பின் ஒன்று உறைத்தது. என் தட்டச்சு முழுவதையும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒரு நிரல் இருப்பதைக் கண்டு அது பதறியதே, அந்த நிரலை அப்புறப்படுத்தக்கூடிய இடத்தில் நிற்பது அதைவிடப் பெரிய நிரல் அல்லவா? தடுப்பான் கணினியின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கிறது. திறக்கும் ஒவ்வொரு கோப்பும், போகும் ஒவ்வொரு இணையப் பக்கமும் அதன் கண்முன்னேதான் போகின்றன. பார்க்காவிட்டால் அதனால் காவல் காக்க முடியாது. போர்க்காலத்தில் செய்தி தந்தவர்களின் பெயர்கள் இருந்த கணினியில் அப்படியொன்றை, யாருடையது என்று ஒரு நிமிடமும் விசாரிக்காமல், நானே போட்டிருந்தேன். இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பிறகு பொய்க் காவற்காரர்கள் வந்தார்கள். உங்கள் கணினியில் இத்தனை வைரஸ்கள் இருக்கின்றன என்று இணையப் பக்கத்தில் திடீரென்று ஒரு பெட்டி எழும், எண்ணிக்கை ஓடும், சிவப்பு விளக்கு மின்னும். இலவசமாகச் சோதிக்கலாம், அகற்றுவதற்கு மட்டும் பணம். உண்மையில் சோதனையே நடக்காது. 'வின்பிக்சர்', 'எக்ஸ்.பி. அன்டிவைரஸ்' போன்ற பெயர்களில் இவ்வித்தையைச் செய்த கும்பலுக்கு எதிராக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2008 டிசெம்பரில் வழக்குத் தொடுத்தது. ஏமாந்தவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். 2012இல் 16 கோடி 30 இலட்சம் டொலர் செலுத்தும்படி தீர்ப்பு வந்தது. இலவசத் தடுப்பான் என்ற பெயருக்கு வந்த கெட்ட பெயரில் பாதி இந்தப் போலிகள் சம்பாதித்துக் கொடுத்தது. மீதியில் ஒரு பங்கு, நிறுவும்போது கேளாமல் ஒட்டிக்கொண்டு உலாவியின் முகப்பை மாற்றிய கருவிப்பட்டைகளுக்கு உரியது. அது எரிச்சலே தவிரப் பெரிய ஆபத்தல்ல.

பெரிய விஷயம் பின்னர் வந்தது. அதைச் சொல்வதற்குப் புல்மோட்டை மணல் எனக்குத் துணை செய்யும்.

அக்கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அலை அதைக் கொண்டுவந்து புதிதாகக் குவிக்கிறது. கையில் அள்ளினால் வெறும் மணல், யாரும் காசு தர மாட்டார்கள். அதற்குள் இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்கோனும் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கவே 1957இல் அரசு ஒரு கனிய மணல் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. மணலைக் கழுவி, காந்தத்தால் இல்மனைட்டை இழுத்து, மின்னேற்றத்தால் ரூட்டைலையும் சிர்கோனையும் பிரிப்பார்கள். அந்தக் கறுப்பு இல்மனைட்டிலிருந்துதான் உலகத்துச் சுவர்களுக்கு வெள்ளைப் பெயின்ட் வருகிறது. நாம் பல்லாண்டுகளாகப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே ஏற்றி அனுப்பினோம், பெறுமதி கூடியதெல்லாம் வேறு கரைகளில். ஒரு பிடி மணலில் என்ன இருக்கிறது என்று கரையில் நிற்பவனுக்குத் தெரியாது, பிரிக்கும் இயந்திரம் வைத்திருப்பவனுக்குத் தெரியும்.

நம்முடைய இணைய உலாவலும் அப்படிப்பட்ட மணல்தான். நான் காலையில் எந்தப் பத்திரிகையைப் பார்த்தேன், எந்த மருந்தின் பெயரைத் தேடினேன், எந்தக் கோவிலின் திருவிழாத் திகதியைப் பார்த்தேன் என்பதில் தனித்தனியாக ஒன்றுமில்லை. அவாஸ்ட் நிறுவனம் தன் தடுப்பான் வழியாகவும் உலாவி நீட்சிகள் வழியாகவும் இந்த மணலை வாரி, ஜம்ப்ஷொட் என்ற தன் துணை நிறுவனத்தின் மூலம் 2014 முதல் நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது. 40 கோடிக்கு மேற்பட்ட பயனர்கள் தமக்கிருப்பதாக அந்நிறுவனமே சொல்லிக்கொண்ட காலம் அது. 2020 ஜனவரியில் மதர்போர்ட், பி.சி. மேக் என்ற இரண்டு இதழ்களின் செய்தியாளர்கள் ஆவணங்களோடு இதை வெளியிட்டார்கள். சில நாட்களில் ஜம்ப்ஷொட் மூடப்பட்டது. செய்தியாளன் என்ற முறையில் சக தொழிலாளரின் இந்த வேலையை எழுந்து நின்று பாராட்டுகிறேன்.

பெயர்களை நீக்கிவிட்டுத்தான் விற்றோம் என்பது நிறுவனத்தின் வாதம். ஒவ்வொரு கருவிக்கும் மாறாத ஓர் அடையாள எண், ஒவ்வொரு சொடுக்குக்கும் நேரம், இரண்டும் இருக்கும்போது பெயரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. குறிப்பிட்ட நொடியில் குறிப்பிட்ட பொருளை வாங்கியவர் யார் என்று விற்ற கடைக்குத் தெரியும். அந்த எண்ணைப் பிடித்தால் அவருடைய மற்ற உலாவல் முழுவதும் பின்னால் வரும். அமெரிக்க ஆணைக்குழு 2024 பெப்ரவரியில் அறிவித்தபடி, அத்தரவிலிருந்து ஒருவரின் மத நம்பிக்கை, உடல்நலக் கவலை, அரசியல் சார்பு எல்லாம் தெரியக்கூடியதாக இருந்தது. உங்களைப் பின்தொடர்பவர்களைத் தடுக்கிறோம் என்று சொல்லி விநியோகித்த நிரலே பின்தொடர்ந்தது என்பதுதான் ஆணைக்குழுவின் முக்கியக் குற்றச்சாட்டு. 1 கோடி 65 இலட்சம் டொலர் அபராதமும், விளம்பரத்துக்காக உலாவல் தரவை விற்பதற்குத் தடையும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டில் செக் தரவுப் பாதுகாப்பு அலுவலகமும் 35 கோடி குரோனாவுக்கு மேல் அபராதம் விதித்தது. கூட்டுறவாகப் பிறந்த நிறுவனத்தின் கதை இங்கே வந்து நின்றதில் எனக்கு வருத்தமே.

கவனிக்க வேண்டியது ஒன்று. வைரஸைப் பிடிக்கும் வேலையில் அந்நிரல் தவறவில்லை. அதை நன்றாகவே செய்தது. வீட்டுக்குள் கள்ளனை விடாத அந்தக் காவற்காரன், வீட்டுக்காரர் இரவில் யாரோடு பேசினார் என்று சந்தையில் விற்றுக்கொண்டிருந்தான்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கினால் கவலையில்லையா? அதுவுமில்லை. நோர்ட்டன் நிறுவனம் 2021இல் தன் கட்டணத் தடுப்பானோடு மின்பணம் தோண்டும் நிரலைச் சேர்த்துக் கண்டனம் வாங்கியது. ரஷ்யாவின் கஸ்பர்ஸ்கியை அமெரிக்கா 2024இல் தடைசெய்தபோது, அதன் அமெரிக்க வாடிக்கையாளர்களில் பலர் ஒருநாள் விழித்துப் பார்க்கையில், தாங்கள் கேள்விப்பட்டிராத அல்ட்ரா ஏ.வி. என்ற வேறொரு தடுப்பான் தானாகவே கணினியில் வந்து அமர்ந்திருந்தது. அதே ஆண்டு ஜூலை 19ஆம் திகதி, பெருநிறுவனங்கள் பெரும்பணம் கொடுத்து வாங்கும் கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான ஒரு புதுப்பிப்பு 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளைக் கவிழ்த்து விமானங்களைத் தரையில் நிறுத்தியது. ஆகவே விலைச் சீட்டைப் பார்த்து நம்பிக்கையை அளக்க முடியாது.

நம் அரசாங்கத்தின் கதையையும் தம்பிக்குச் சொன்னேன். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை கப்ப மென்பொருளால் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 5,000 முகவரிகளின் மே நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் வரையான அஞ்சல்கள் போயின. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மின்னஞ்சல் மென்பொருள் பணமின்மையால் புதுப்பிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது, அந்தக் காலப்பகுதிக்குத் தனியாகக் கழற்றி வைத்த பிரதியும் இல்லை. நாட்டின் தலைமைச் செயலகங்களுக்கே நேர்ந்தது இது.

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார் தம்பி. நியாயமான சலிப்பு.

அவரிடம் இரண்டு கணினிகள் இருந்தன. முன்மேசையில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசொப்ட் 2020 ஜனவரியில் ஆதரவை நிறுத்திவிட்டது. உக்கிய கதவுக்குப் புதுப் பூட்டு எதற்கு? அதில் எந்தத் தடுப்பானைப் போட்டும் பயனில்லை. இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, வாடிக்கையாளரின் பென்டிரைவ்களைத் திறந்து அச்சிட மட்டும் அதை வைத்திருக்கச் சொன்னேன். உள்ளே இருந்தது விண்டோஸ் 11. அதில் டிபெண்டர் என்ற தடுப்பான் கூடவே வருகிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் இதுதான் நடைமுறை, வேறொன்றைத் தேடிப் போட வேண்டிய கட்டாயமில்லை. மைக்ரோசொப்ட் மட்டும் உத்தமனா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. ஆனால் கணினியே அவனுடைய வீட்டில் குடியிருக்கும்போது, இன்னொருவனையும் உள்ளே அழைத்து இரண்டு பேருக்குக் கணக்குச் சொல்வானேன்? ஊராரின் பத்திரங்களைக் கிழமைக்கொரு தடவை தனி வன்தட்டில் பிரதி எடுத்து, கழற்றி, அலமாரியில் பூட்டச் சொன்னேன். தேவை முடிந்த பிரதிகளை அழிக்கச் சொன்னேன். அப்படியும் வேறு தடுப்பான் வேண்டுமென்றால், செய்தவனின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுத்து, நிறுவும்போது முன்கூட்டியே சரியடையாளம் இடப்பட்ட கட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்து நீக்கச் சொன்னேன்.

உள்ளே இருந்த கணினியில் ஏற்கெனவே ஓர் இலவசத் தடுப்பான் இருந்தது. பணம் கட்டிப் பெரிய பதிப்புக்கு வரும்படி அரைமணிக்கொரு தடவை அழைத்துக்கொண்டிருந்தது. அவர் அதை நீக்கத் தொடங்கினார். போகிற போக்கில் அது ஒரு பெட்டியைத் திறந்து, எங்களை ஏன் நீக்குகிறீர்கள் என்று ஆறேழு காரணங்களைக் காட்டிக் கேட்டது. "சேர், எதக் குத்துறது?" என்றார். ஒன்றையும் குத்தாமல் மூடச் சொன்னேன். வெளியே மணல் லொறி ஒன்று போனது. மின்விசிறி நின்று மறுபடி சுற்றியது.

பிரதிகளுக்குக் கணக்குப் பார்த்துக் காசு வாங்கினார். வைரஸ் எடுத்ததற்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"அது ஃப்ரீ, சேர்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.